அரைக் கிண்ணத் தேநீர்

புருல் அக்கா உலான் அண்ணனின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி அவர் முன்னால் வைத்தார். எங்கள் ஊர் தலாஸில் யாரும் அப்படி ஊற்றுவதில்லை. அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் மறுபடி நீட்டலாம், மறுபடி ஊற்றலாம்; எவ்வளவு குறைவாக ஊற்றுகிறோமோ அவ்வளவு நேரம் இருக்கச் சொல்வதாகப் பொருள். நிரம்பிய கிண்ணத்துக்குக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

"முதலாளியையே கிளம்பச் சொல்றீங்களா அக்கா?"

"நீங்க என்னைச் சொன்னீங்களே தம்பி. நான் வாயால சொல்லலை, அவ்வளவுதான்."

முந்தைய நாள், எங்களிடம் பீன்ஸ் வாங்கும் துருக்கிக்காரர் சொல்லாமல் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். குளிருக்கு எல்லா பிளக் பாயின்டிலும் ஹீட்டர் மாட்டியிருந்தது. விருந்தாளியைத் தேநீர் இல்லாமல் உட்காரவைக்க அக்காவால் முடியாது. மூலையில் ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் சமோவாரை மாட்டினார். பிடுங்கியது மெயில் சர்வரின் பேட்டரிக்குப் போகும் பிளக். பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு, சர்வர் எழுதிக்கொண்டிருந்தபோதே அணைந்துபோனது.

காலையில் சர்வர் எழுந்தது, அஞ்சல் பெட்டிகள் திறக்கவில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஆள் வருகிறார்; உடைந்த பெட்டியை அவர் தொடமாட்டார். இந்த அறுவடைக்கு அக்கா துருக்கிக்காரரோடு நடத்திய ஒப்பந்தப் பேச்சு முழுவதும் அந்த மெயில்களில் இருந்தது. "மெயில் வரலைன்னா திங்கட்கிழமை நீங்களும் வர வேணாம்" என்று அண்ணன் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

சரிசெய்ய நான் மட்டும்தான் இருந்தேன். கணினி மாலை வகுப்பை நான் இன்னும் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் என்னை நான் நம்பியிருப்பேனா என்று தெரியவில்லை.

"நேரா ரிப்பேர் புரோகிராமைப் போடு பெகிமாய்."

"முதல்ல நகல் எடுத்துடறேன் அண்ணே. ரிப்பேர் தனக்குப் புரியாத பகுதியையெல்லாம் தூக்கிப் போட்டுடும்."

"நீ குதிரை வாங்கப் போனா, பல்லை எண்ணி முடிக்கிறதுக்குள்ள சந்தையே கலைஞ்சிடும்."

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சர்வர் ஒவ்வொரு மெயிலையும் முதலில் சின்னச் சின்னப் பதிவுக் கோப்புகளில் எழுதிவிட்டுத்தான் பெரிய பெட்டியில் சேர்க்கும். அந்தக் கோப்புகள் வரிசையாக இருந்தால் எதையும் இழக்காமல் பெட்டியைக் கட்டிவிடலாம். வரிசையில் நடுவே ஒன்று இல்லை. நகல் எடுக்கும்போது நான்தான் தவறவிட்டேனோ? நகலைப் பார்த்தேன், மூலத்தைப் பார்த்தேன், மறுபடி நகலைப் பார்த்தேன். பிறகுதான் சர்வரின் குப்பைத் தொட்டியைத் திறக்கத் தோன்றியது. பழைய கோப்புகளோடு அதுவும் கிடந்தது. அன்று காலை அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவர் பெயரும் இருந்தது.

சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுவிடலாம். மெயில் வந்துவிடும். ஆனால் பழி அக்காவின் மேலேயே தங்கிவிடும்.

"அண்ணே, ஒரு கோப்பை யாரோ அழிச்சிருக்காங்க. அது இல்லாமத்தான் நின்னுபோயிருக்கு."

"யாரு?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

தன் பெயரை அவர் படித்தார். காது சிவந்தது. "இடம் இல்லைன்னு காட்டுச்சு. பழைய குப்பைன்னு நினைச்சேன்."

அக்கா சமோவாரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நானும் வெறும் பிளக்குன்னுதான் நினைச்சேன் தம்பி."

கோப்பை வரிசையில் வைத்து, நகலின் மேல் மீட்பை ஓட விட்டேன். சதவீதம் ஓரிடத்தில் நின்றது. கட்டளையில் எதையோ தவறாக எழுதிவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு அது நகர்ந்தது. முதலில் திறந்தது அக்காவின் பெட்டி. துருக்கிக்காரரின் மெயில்கள், இலையுதிர்காலத்திலிருந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. மற்ற பெட்டிகள் இன்னும் திறக்க வேண்டும். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

உலான் அண்ணன் ஆறிப்போன கிண்ணத்தை எடுத்து அடிவரை குடித்தார். கிளம்பவில்லை.

"அந்த பிஷ்கெக் ஆளுக்கும் தேநீர் வேணும்ல. சமோவாருக்கு வேற பிளக் பார்த்து வைங்க அக்கா" என்று காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

அக்கா அதை வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சமோவாரின் குழாயைத் திறந்து, கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்கு ஊற்றி நிறுத்தினார்.