கரட்டுக்குழி

கடைசி ஆளாக அடித்த ராக்கையா அண்ணனின் பந்து கரட்டைத் தாண்டி வந்து, புல்லில் ஒரு முறை குதித்து, ஏலச்செடிகளுக்குள் போய் மறைந்தது. நான் கரட்டின் உச்சிக்கு ஏறிப் போய்ச் சிவப்புக் கொடியைத் தூக்கிக் காட்டினேன். கீழே அடிமேடையைச் சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து வந்தது. வழக்கமாக அத்தோடு திரும்பி, என் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவேன். அன்று திரும்பவில்லை. வெள்ளை, சிவப்பு இரண்டு கொடிகளையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் நின்ற பக்கமாக இறங்க ஆரம்பித்தேன்.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் கிளப்பின் கோல்ஃப் மைதானம். மைதானம் என்று பெயர்தான். ஒரு கட்டில் போடுகிற அளவுக்குக்கூட அங்கே சமமான இடம் கிடையாது. ஏலம் பிடிக்காத சரிவாகப் பார்த்து வெள்ளைக்காரன் காலத்தில் புல் வளர்த்தது என்று சொல்வார்கள். மற்ற குழிகள் எல்லாம் நின்ற இடத்திலிருந்தே தெரியும். நாலாவது குழி தெரியாது. அதன் கொடிக்கம்பு தெரியாது, சுற்றியுள்ள புல்கூடத் தெரியாது. முன்னால் கவிழ்த்துப் போட்ட அண்டாவைப் போல ஒரு கரடு மட்டும் நிற்கும். உச்சியில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல். அந்தக் கல்லைப் பார்த்து அடிக்க வேண்டும், பிறகு ஏறிப் போய்த்தான் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதெல்லாம் ஒரு குழியா, கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பதற்கு எதற்கு ஆட்டம் என்று குறைபட்டார்கள் என்பதற்காக, செக்ரட்டரி ஒருமுறை கரட்டைச் சீவிவிட ஜேசிபி வரவழைத்தார். ஒரு முழத்துக்குக் கீழே முழுக்கப் பாறை. வந்த வண்டி வந்த வழியே இறங்கிப் போனது.

கரட்டுக்கு அந்தப் பக்கம் கிண்ணம் போல ஒரு பள்ளம். அதில் நின்று, வருகிற பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது என் வேலை. புல்லில் நின்றால் உச்சிக்குப் போய் வெள்ளைக்கொடி. செடிக்குள் போய்விட்டால் சிவப்பு. கீழே இருக்கும் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, புல் வெட்டும் பெண்களோடு மேலே வருவேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே நான் நின்றபோது, வீட்டுக் கஷ்டம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எழுந்து நின்று பாடம் வாசி என்று டீச்சர் சொன்னால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் நன்றாகத் தெரியும், சத்தம் மட்டும் வராது. இந்தப் பள்ளத்தில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நான்தான் எல்லோரையும் பார்க்கிறேன்.

அதிலும் ஒன்று எனக்கு மட்டுமே கிடைத்தது. மற்ற குழிகளில் பந்தை அடித்த நொடியிலேயே ஆட்களின் முகம் முடிந்து போகும். நல்ல அடி என்றால் ஒரு முகம், கெட்ட அடி என்றால் ஒரு முகம். நாலாவது குழியில் அப்படி இல்லை. கொடியைப் பார்த்து ஓரளவு தெரிந்திருந்தாலும், எங்கே, எவ்வளவு பக்கம் என்பது தெரியாமல் ஏறி வருவார்கள். முதலில் தொப்பி தெரியும், பிறகு நெற்றி, பிறகு கண். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற முகைதீன் பிச்சை முதலாளி ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருக்கும்போது முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது என்பார்கள். கரட்டின் மேல் அவர் தலை எழும்பி வரும்போது, பொட்டலத்தைப் பிரிக்கப் போகிற சின்னப் பிள்ளையின் முகமாக இருக்கும். டீ எஸ்டேட் மேனேஜர் உச்சிக்கு வரும் முன்னேயே பந்து எங்கே என்று மலையாளத்தில், "எவிடே மோளே" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார். குழி தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே ஏறுகிறவர்கள்கூட, கடைசி நாலு எட்டை வேகமாகத்தான் வைப்பார்கள். என்ன இருக்கிறது அதில் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அடித்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவும் இல்லை. அப்படி ஒரு நடை எனக்கும் ஒருநாள் வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரே ஒரு முறை, அந்தப் பக்கத்திலிருந்து அடித்துவிட்டு, தெரியாமல் ஏறி வர வேண்டும்.

யாரோ வளைத்துவிட்டு எறிந்த ஒரு கோல்ஃப் கம்பு செடிக்குள் கிடைத்தது. ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும் இடைவெளியில், கரட்டின் முதுகைப் பார்த்து அடித்துப் பழகினேன். எவ்வளவு பலமாக வீசினாலும் சரிவில் மோதி, பந்து உருண்டு என் காலடிக்கே வந்துவிடும். கரட்டைத் தாண்டி மட்டும் அடித்ததே இல்லை. தாண்டினால் யாராவது பார்ப்பார்கள்.

வருடத்துக்கு ஒரு நாள், கிளப்புக்கு விடுமுறை விட்டு, வேலைக்காரர்களுக்காக ஒரு ஆட்டம் நடக்கும். நாலாவது குழியில் ஆளுக்கு ஒரே அடி. குழிக்கு ரொம்பப் பக்கத்தில் யார் பந்து கிடக்கிறதோ அவர் பெயரை உச்சியில் இருக்கும் வெள்ளைக் கல்லில் எழுதுவார்கள். பெரிய பெரிய முதலாளிகள் வருடம் முழுக்க அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். முதலாளிகளின் கம்புப் பை தூக்குகிறவர்கள், தோட்டக்காரர்கள், சமையல்காரர் எல்லோரும் அடிப்பார்கள். பெண்கள் யாரும் அடித்ததில்லை. நான் அடிக்கவே முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவள் நான். என் வார்த்தைதான் கணக்கு.

அந்த ஆட்டத்தில் எல்லோரும் அடித்து முடித்த பிறகுதான் அன்று நான் கொடிகளோடு இறங்கி அடிமேடைக்கு வந்து நின்றேன். ஆட்டத்தை நடத்தும் கன்னையன் மேஸ்திரி, "என்னாத்தா, எவனும் பந்தத் தொலச்சுட்டானா?" என்றார்.

என் வாயிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது. பிறகு சொன்னேன். "நானும் அடிக்கிறேன்."

"நீயா?" என்று முத்துக்கண்ணன் அண்ணன் சிரித்தார். பை தூக்குகிறவர்களில் அவர்தான் கெட்டிக்காரர். போன வருடக் கல்லில் இருந்தது அவர் பெயர். அன்றும் அவர் பந்துதான் குழியிலிருந்து ஒரு கம்பு நீளத்தில் கிடந்தது. அதைப் பார்த்து வெள்ளைக்கொடியைச் சுழற்றியவளே நான்தான். "ஒங் கண்ண நம்பித்தான நாங்க அடிக்கிறோம். கண்ணே எறங்கி வந்து அடிச்சா எப்படி?"

"பொம்பளப் புள்ளைக அடிக்கிற வழக்கம் இல்லையேத்தா" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் கோபம் இல்லை. யோசனைதான் இருந்தது.

புல் வெட்டும் பெண்களோடு உட்கார்ந்திருந்த சுருளியம்மாள் பெரியம்மா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "போன வருசம் ஆட்டம் முடிஞ்சு நீங்க தின்ன பிரியாணிச் சட்டிய நாங்கதான் கழுவுனோம். அது மட்டும் எந்த வழக்கத்துல சேத்தி மேஸ்திரி? அவ ஒரு அடி அடிச்சா புல்லு என்ன கருகிப் போகுமா?"

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சரி. அடிக்கட்டும். அந்தப் பக்கம் யாரு நிக்கிறது? வீரணா, நீ போ."

"வேணாம்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கக்கத்திலிருந்த கொடிகளை எடுத்து முத்துக்கண்ணன் அண்ணன் முன்னால் நீட்டினேன். "நீங்க போய் நில்லுங்கண்ணே."

"ஏ, அவன் பந்துதான அங்க முந்திக் கெடக்கு" என்றார் ராக்கையா அண்ணன்.

"அதான்."

யாரோ பின்னாலிருந்து, "மாப்ளே, பந்தக் கால்ல கீல்ல தள்ளிறாத" என்றார்கள். முத்துக்கண்ணன் அண்ணன் சிரிக்கவில்லை. கொடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பக்கத்துல விழுந்தும் நான் இல்லைன்னு சொல்லிட்டா?"

"நீங்க சொன்னா இல்லதாண்ணே."

சாயங்காலங்களில் பை தூக்குகிறவர்கள் அடித்துப் பழகும்போது, எத்தனையோ முறை அவருடைய பந்துக்கு நான் சிவப்பைக் காட்டியிருக்கிறேன். தொப்பியைத் தரையில் அடிப்பார், கெட்ட வார்த்தையை முணுமுணுப்பார். ஆனால் ஒருநாள்கூட மேலே வந்து, 'எங்கே காட்டு' என்று என்னைக் கேட்டதில்லை. அதை நான் அங்கே சொல்லவில்லை. அத்தனை பேச்சுக்கு என்னிடம் குரல் இல்லை. அவர் கொடிகளை வாங்கிக்கொண்டு கரட்டில் ஏறிப் போனார். உச்சியில் ஒருமுறை நின்றார். பிறகு முழங்கால், இடுப்பு, தலை என்று அந்தப் பக்கம் மறைந்தார்.

ராக்கையா அண்ணன் தன் ஏழாம் நம்பர் கம்பை நீட்டினார். கால் பூட்சைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பந்துக்குப் பக்கத்தில் நின்றேன். கண்கள் எல்லாம் என் முதுகில் வந்து உட்கார்ந்தன. வகுப்பில் அடைத்த அதே தொண்டை அடைத்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் கரடு. அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளம் எனக்கு வீட்டு அடுப்படி மாதிரி. எந்த இடத்தில் புல் சரிகிறது, எந்த இடத்தில் தண்ணீர் ஊறுகிறது எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே நின்றபோது அது எதுவுமே இல்லை. வெள்ளைக் கல்லும் அதற்கு மேல் வானமும்தான். அந்தப் பள்ளத்தை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் போல இருந்தது. இப்படித்தான் இத்தனை வருடமாக எல்லோரும் இங்கே நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதலாளியும் மேனேஜரும் முத்துக்கண்ணன் அண்ணனும், ஒருவர் பாக்கியில்லாமல், ஒன்றும் தெரியாமல்தான் நின்றிருக்கிறார்கள். என் முதுகைப் பார்க்கிற இவர்களுடைய பார்வையும் கரட்டோடு நின்றுவிடும். அதைத் தாண்டியதும் பந்து எனக்கு மட்டும்தான்.

தொண்டை திறந்த மாதிரி இருந்தது. வீசினேன்.

கையில் ஒன்றுமே உறைக்கவில்லை. அப்படி இருந்தால்தான் நல்ல அடி. பந்து எழும்பியது. கல்லுக்கு நேராகப் போகாமல் இடது பக்கமாக ஏறியது. "கோணிருச்சு" என்று ஒரு குரல் கேட்டது. கரட்டின் விளிம்பில் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்து, பிறகு இல்லாமல் போனது.

மேகம் குரங்கணிப் பக்கத்திலிருந்து ஏறி வந்து மரங்களின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பந்து இப்போது எங்கேயோ விழுந்திருக்கும். செடிக்குள் போயிருக்கலாம். ஊற்றுச் சேற்றில் புதைந்திருக்கலாம். இடது சரிவில் இறங்கிக் குழியைப் பார்த்து உருண்டுகொண்டும் இருக்கலாம். தெரியாது. எனக்குத் தெரியாது என்பதே நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீராக இறங்கியது. நான் பார்க்காத இடத்தில் நான் செய்த ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. இதற்காகத்தான் அத்தனை பேரும் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி இந்தக் குழிக்கு வருகிறார்கள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில்தான் தெரிந்தது.

கரட்டின் மேல் யாரும் வரவில்லை.

"என்ன பண்றான் அவன்" என்றார் மேஸ்திரி. வாயில் கையைக் குவித்து, "ஏப்பா முத்துக்கண்ணா" என்று கூப்பிட்டார். பின்னால் முணுமுணுப்பு ஆரம்பித்தது. வீரணன் அண்ணன், "நான் போயிருந்தா இந்நேரம் சொல்லிருப்பேன்ல" என்றார். பெண்கள் எழுந்து கரட்டின் அடிவாரம் வரை போய்விட்டார்கள். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறப் போனார்.

"இருங்க பெரியம்மா" என்றேன். இந்த முறை சத்தமாகவே வந்தது. அவர் நின்றுவிட்டார்.

பிறகு தொப்பி தெரிந்தது. நெற்றி, முகம், தோள். முத்துக்கண்ணன் அண்ணன் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு கையிலும் கொடி இல்லை. கீழே இருந்த ஒருவருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். குனிந்து, தரையோடு தரையாக எங்கள் பக்கம் உருட்டிவிட்டார்.

ஒரு பந்து. மெதுவாகப் புறப்பட்டு, சரிவில் வேகம் பிடித்து இறங்கியது. அடிவாரத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி வழி விட்டார்கள். அது என் வெறுங்காலுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றது. ராக்கையா அண்ணன் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பந்தின் மேல் நீல மசியில் 'மு' என்று எழுதியிருந்தது.

"இது அவன் பந்தாச்சே" என்றார் மெதுவாக. தோற்ற பந்தைத்தான் புல்லிலிருந்து எடுப்பார்கள்.

மேஸ்திரி கரட்டைப் பார்த்துக் கேட்டார். "அப்ப அவ பந்து எங்கப்பா?"

"அத நான் சொல்ல மாட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. "வெரசா ஏறி வாத்தா பவித்ரா. நீயே வந்து பாரு."

பெண்கள் பக்கம் ஒரு குலவை கிளம்பியது. ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் எல்லோரும் மொத்தமாகக் கரட்டை நோக்கி நகர்ந்தார்கள். பெரியம்மா இரண்டு கையையும் அகல விரித்து அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். "எவனும் ஏறப்புடாது. அவ மொதல்ல போகட்டும்."

காலையில் பெய்த தூறல் இன்னும் புல்லில் நின்றது. பந்து உருண்டு வந்த தடம் ஈரத்தின் நடுவே ஒற்றைக் கோடாக, கரும்பச்சையாக, உச்சிவரை ஏறிப் போயிருந்தது. நான் அதன் மேல் காலை வைத்தேன்.