தயார்

"மூக்கு வழியா இழு. நாலு எண்ணு. மெதுவா வாய் வழியா விடு," என்று தம்யான் காதருகே சொன்னான். யெர்னெய் மூச்சை நிறுத்திக்கொண்டான். இவன் சொல்லி இனி ஒரு மூச்சுகூட விடுவதாக இல்லை.

கல்லறைத் தோட்டத்து அஞ்சலி அறையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் சிறு கிளையால் நேஷாவின் அஸ்திக் கலசத்தின்மேல் தீர்த்தம் தெளித்தார்கள். அவள் கணவன் யெர்னெயின் கையையும் அவள் அப்பாவின் கையையும் குலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். தம்யான் மட்டும் குலுக்கிய பிறகும் நகரவில்லை. குடும்பத்தோடு சேர்ந்து நின்றுகொண்டான். மலைச்சரிவில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு மனப் பயிற்சி கொடுப்பவன்; நேஷாவுக்கும் கொடுத்தவன். துக்கத்துக்கென்று புதுக் காலணி வாங்கியிருந்தான்.

"ஒரு யோசனை," என்றான். "அடுத்த பந்தயத்துல எல்லார் சைக்கிள்லயும் ஒரு ஸ்டிக்கர். அவ கடைசியா சொன்ன வார்த்தை. 'தயார்.' அவ்வளவுதான்."

"என்ன கலர்?" என்று கேட்டான் யெர்னெய்.

"மஞ்சள் எடுப்பா இருக்கும்."

கேலி அவனுக்கு உறைக்கவில்லை. எதுதான் உறைத்தது?

'பயம்' என்ற சொல்லைத் தடை செய்தவன் அவன்தான். சொன்னால் உடம்பு அதை நம்பிவிடுமாம். பதிலுக்கு 'தயார்' என்று சொல்ல வேண்டும். நேஷா நல்ல மாணவி. பந்தய நாள் காலையில் குளியலறையில் குனிந்து வாந்தி எடுப்பாள். யெர்னெய் அவள் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். "இன்னைக்கு ரொம்பவே தயாரா இருக்கேன்டா," என்று வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். விமானம் குலுங்கினால் தயார். பக்கத்து வீட்டு நாய் உறுமினால் தயார். அந்த வீட்டில் அச்சொல்லுக்கு வேறு பொருளே இல்லாமல் போயிற்று.

போன வாரம் பொஹோர்யே மலையில், பயிற்சி ஓட்டத்தின்போது, ஈர வேர்களில் சறுக்கி விழுந்தாள். தானே எழுந்து நடந்து வந்தாள். "விழுந்தது மனசுல தங்கிடக் கூடாது. கண்ணை மூடி மறுபடி ஓட்டிப் பாரு," என்று தம்யான் அவளைப் புல்லில் உட்காரவைத்தான். அவளும் இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஓட்டினாள். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் சாய்வது கச்சிதமாக இருப்பதாகத் தம்யான் பாராட்டினான். பிறகு அவளால் புல்லிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அரங்கின் வாசலில் யெர்னெய் கேட்டான்: "பயமா இருக்கா?"

ஸ்ட்ரெச்சரின் மறுபக்கம் தம்யான் நின்றிருந்தான்.

"தயார்," என்றாள்.

தம்யான் கால்பந்தில் கோல் விழுந்ததுபோல முஷ்டியை உயர்த்தினான். போர்வைக்குள் நடந்ததை அவன் பார்க்கவில்லை. அவளுடைய ஆள்காட்டி விரல் யெர்னெயின் உள்ளங்கையை அழுத்தியது, விட்டது, அழுத்தியது. மலை இறங்குகிறவர்கள் பிரேக் பிடிப்பது அந்த ஒற்றை விரலால்தான்.

யெர்னெய் இப்போது தம்யானின் பக்கம் திரும்பினான்.

"அந்த வார்த்தைக்கு எங்க வீட்டுல என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

தம்யான் வாய் திறப்பதற்குள் மாமனார் விங்கோ நெருங்கி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகளின் பந்தயம் ஒன்றைக்கூட அவரால் நின்று பார்க்க முடிந்ததில்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே அப்படியா சொன்னா? பயப்படலையா அவ?"

தம்யான் புன்னகையோடு காத்திருந்தான். அந்த முகத்தில் அறைவதற்கு யெர்னெயிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது இந்தக் கிழவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஆமா மாமா. தயார்னுதான் சொன்னா."

"மாடிப்படி இறங்கவே அழுவாப்பா, சின்னதுல." விங்கோ தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கைகளாலும் தம்யானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதான் அவளைத் தேத்திவிட்டீங்க."

"எல்லாம் அவளே செஞ்சதுங்க. நான் வழிதான் காட்டினேன்," என்றான் தம்யான். தலையைத் தாழ்த்திக்கொள்ளவும் தெரிந்து வைத்திருந்தான்.

சாம்பல் நிறச் சீருடை அணிந்த கல்லறை ஊழியர் கலசத்தைக் கையில் எடுத்தார். யெர்னெயைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"தயாரா?"

விங்கோ மருமகனின் கையைப் பற்றிக்கொண்டார்.

"தயார்," என்றான் யெர்னெய்.

வெளியே சரளைக்கல் பாதையில் சில அடிகள் நடந்ததும் விங்கோ கீழே பார்த்தார். அவருடைய உள்ளங்கையை யெர்னெயின் ஆள்காட்டி விரல் அழுத்தியது, விட்டது, அழுத்தியது.

"குளிருதாப்பா?" என்று கேட்டார்.