கேட்டைத் திறந்தவள்

பரீட்சைப் பயத்தில் ஸுஹைறாவுக்கு அன்று காலை தேத்தண்ணிகூட இறங்கவில்லை. கல்முனையில் ஒரு கல்லூரியில் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா படிக்கிறாள். பயிற்சிக்கு விட்டிருப்பது மருதமுனைக் கடற்கரையோரத்து முன்பள்ளி ஒன்றில். விரிவுரையாளர் கஜேந்தினி மிஸ் பத்து மணிபோல வந்து, அவள் வகுப்பு நடத்துவதைப் பார்த்துப் புள்ளி போடுவதாக ஏற்பாடு. நாலு வயது மகள் இல்மாவும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். மிஸ்ஸுக்கு முன்னால் அவள் மானத்தை வாங்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அதுவரைக்கும் ஸுஹைறாவின் பெரிய கவலை.

மிஸ் வருமுன்னே, பிள்ளைகளோடு கடதாசி மீனுக்குச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தபோது தெருவால் ஒரு மோட்டர் சைக்கிள் அலறிக்கொண்டு போனது.

"கடல் வத்திட்டாம்! ஓடுங்க, கடல் வருகுதாம்!"

இந்தக் கதை இந்தக் கரையில் அடிக்கடி கிளம்பும். முதலில் வாய் திறந்தவன் எவன் என்று ஒருநாளும் தெரிய வராது. தெரிந்தால் கட்டிவைத்து உதைக்கலாம். இதுவரை எல்லாம் பொய்யாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனாலும் பொய்யா மெய்யா என்று ஒருவரும் கடலை எட்டிப் பார்ப்பதில்லை. சுனாமி நாளில் அப்படிப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

ஸுஹைறா மீனைப் போட்டுவிட்டு எழும்பினாள். இப்படியான நேரத்தில் செய்ய வேண்டியதைக் கஜேந்தினி மிஸ் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ண வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் உரியவர் கையில் கொடுக்கும்வரை கேட் பூட்டியே இருக்க வேண்டும். வகுப்பில் அவள் அதைக் கடகடவென்று ஒப்புவித்தவள்தான். ஆனால் வெளியே தாய்மார் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். தலைமை ஆசிரியை சரீபாவோ சின்னப் பிள்ளைகள் இரண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்று கத்தினார்.

"ஸுஹைறா, கேட்டத் திறகா! என்னத்தப் பார்த்துக்கிட்டு நிக்காய்?"

திறந்துவிட்டாள். எண்ணவில்லை.

கண்ணை மூடி விழிப்பதற்குள் சரீபாவும் போய், முற்றம் காலியாகிவிட்டது. செருப்புகளும் தண்ணீர்ப் போத்தல்களும்தான் மிச்சம். இல்மா மட்டும் அவளுடைய அபாயாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. வகுப்பில் படிக்கும் அக்ரமின் தாய். ஆஸ்பத்திரியில் தாதி, வேலையை விட்டு வர முடியாதவர்.

"டீச்சர், என்ட மகன் உங்களோடதானே?"

ஸுஹைறா சுற்றிப் பார்த்தாள். அக்ரமைக் காணவில்லை.

"ஓம்... என்னோடதான்" என்று வாய் சொல்லிவிட்டது. லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் போகவில்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போன் எடுத்தால் வேறு எப்படி இருக்கும்?

கணவன் ஜவுபர் வந்து சேர்ந்தான். மோட்டர் சைக்கிளை நிறுத்தாமலே, "ஏறு புள்ள, ஏறு!" என்றான்.

"அக்ரமக் காணல்ல."

"ஆராச்சும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க!"

அவன் சொன்னதில் பிழையில்லை. கடல் என்று கேட்டால் யாருடைய பிள்ளை என்று இந்த ஊரில் பார்ப்பதில்லை. கையில் அகப்பட்ட பிள்ளையை வண்டியில் போட்டுக்கொண்டு மேற்கே வயல்பக்கம் பறப்பார்கள். சுனாமியன்று, நாலு வயதில், ஸுஹைறாவையும் முன்பின் தெரியாத ஒருவர் அப்படித்தான் தூக்கிப் போனார்.

"ஏத்தாம விட்டிருந்தா?"

அவள் மகளின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, தூக்கி ஜவுபருக்கு முன்னால் இருத்தினாள். "உம்மா! உம்மா!" என்று இல்மா வீரிட்டாள். ஜவுபர் ஏதோ ஏசினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை முறுக்கினான்.

அதன்பிறகு அவள் தனி. மலகூடத்தைப் பார்த்தாள், சறுக்குப் பலகைக்குக் கீழே பார்த்தாள், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் பார்த்தாள். "அக்ரம்! மகன்!" என்று கத்தினாள். பின்வேலிக்கு அந்தப் பக்கம் கடல். அங்கேயும் பார்க்கத்தான் வேண்டும். அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டு வேலியால் எட்டிப் பார்த்தாள். மணல்தான் கிடந்தது. கடல் வற்றியிருந்ததா, வழமைபோல இருந்ததா என்று அவளுக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. ஒரு அலை கொஞ்சம் பெரிதாய் எழும்ப, சத்தம் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் ஓடி மேசைக்கடியில் குந்திவிட்டாள். செத்துப் போகப் போகிறேன் என்றே நினைத்தாள். பொய் சொன்ன வாயோடு சாகப் போகிறேனே என்றும் நினைத்தாள்.

கடைசியில் தொலைபேசி அடித்தது. மீன் லொறி ஓட்டும் மக்கீன்.

"டீச்சர், அக்ரம் என்ட லொறியில. சவளக்கடையில, வயல்பக்கம் நிக்கம். தாய்க்கும் சொல்லிட்டன். நீங்க எங்க நிக்கீங்க?"

கேட் திறந்ததுமே வாசலுக்கு ஓடிவந்த பிள்ளைகளை அவர் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அவள் தேடத் தொடங்கும்போதே அக்ரம் வயல்பக்கத்துப் பாலத்தைத் தாண்டியிருப்பான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதாள். அழுது முடியுமுன்னே அடுத்த பயம் வந்து நெஞ்சில் ஏறியது. இல்மா எங்கே? இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஜவுபரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. அழைத்தால் எடுக்கிறானில்லை. தெருவில் மோட்டர் சைக்கிள்கள் விழுந்து கிடந்தன. அவற்றில் ஜவுபருடையது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மேற்கே ஓடினாள்.

பகல் சாயும்போதுதான், வயலோரத்துப் பாதையில் நின்ற சனத்துக்குள் அவர்களைக் கண்டாள். கடல் வரவில்லை, எல்லாம் பொய் என்று ஆட்கள் அப்போது சிரிக்கவே தொடங்கியிருந்தார்கள். கூட்டத்தில் அக்ரம் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். ஜவுபரின் தோளில் இல்மா கிடந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மகள்" என்று கை நீட்டினாள் ஸுஹைறா.

பிள்ளை அசையவில்லை.

"உம்மா, நான் காணாமப் போனா ஆரு தேடுவாங்க?"

"நாந்தான் மகள். உம்மாதான் தேடுவன்."

"இல்ல. நான் கூப்பிடக் கூப்பிட நீங்க வரல்ல. அக்ரமத்தானே தேடினீங்க."

ஸுஹைறாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிள்ளை வாப்பாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.