ஆசாவிலிருந்து பதில் இல்லை

ஆசாவ் குளிரறை மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டது. கோளாறு கணினியில் இல்லை, ஆளிடம்தான் என்று முதலில் சொன்னவன் ஔகூசோ.

மீனவர் கூட்டுறவுக்கு சமோவாவின் சவாயி தீவின் கோடியில், ஆசாவ் துறையில் ஒரு குளிரறை உண்டு. அதன் சுவரில் மாட்டிய சின்னக் கணினி உள்ளே எவ்வளவு குளிர், கதவு எப்போது திறந்தது என்று ஓயாமல் பார்த்து, கடலுக்கு அப்பால் தலைநகர் ஆபியாவில் இருக்கும் அலுவலகத்துச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆபியாவின் பெரிய திரையில் ஆசாவ் என்ற பெயருக்கு எதிரே பச்சை எரிந்தால் மீன் பத்திரம்; சிவப்பு எரிந்தால் உள்ளே சூடு ஏறிவிட்டது. சில வாரங்களாக மதியம் திரும்பியதும் பச்சை மறைந்து சாம்பல் நிறம் வந்தது. தொடர்பு இல்லை என்று அர்த்தம். காலையில் தானாகவே பச்சை திரும்பிவிடும்.

"எலி கடிச்ச வயர் காலையில தானா ஒட்டிக்குமா சினி?" என்றான் ஔகூசோ. "அந்த வாட்ச்மேன் லஃபாயேலே பிளக்கைப் புடுங்குறான். புடுங்கிட்டுக் கதவைத் திறக்கிறான். திறந்தது நமக்குத் தெரியக் கூடாதுல்ல?"

"எதுக்காம்?"

"சூரை மீனுக்குக் காலா இருக்கு, தானா வெளிய நடந்து போறதுக்கு? உனக்கு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கணும்."

சினிவாவும் ஔகூசோவும் ஒரே அறையில் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். சர்வருக்குள் போகும் உரிமை அந்த இருவருக்கு மட்டுமே. அந்த வாரம் நியூசிலாந்திலிருந்து மீன் வாங்குகிறவர்கள் வரவிருந்தார்கள். திரையைப் பார்த்துத்தான் சரக்கை எடுப்பார்கள். மேலாளர் ஃபிலோமெனா கவலைப்பட, "சினி போய் நேர்ல பிடிக்கட்டும், விருந்தாளிங்களை நான் பாத்துக்கிறேன்" என்று ஔகூசோவே வழி சொன்னான்.

கப்பல் ஏறி, பாட்டு அலறும் பஸ்ஸில் குலுங்கி, சினிவா ஆசாவ் போய்ச் சேர்ந்தாள். குளிரறைக் காவலர் லஃபாயேலே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர். இடுப்பில் பூப்போட்ட லாவாலாவா வேட்டி. வீடு தேடி வந்தவரை உட்காரச் சொல்லாத சமோவாக்காரரை சினிவா அன்றுதான் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரைப் பாக்கணும்ணே."

"பாரு. வெளியதான இருக்கு. உள்ள எதுக்கு?"

உள்ளே போகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. அந்தப் பதில் அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

முதலில் பிளக்கைப் பார்த்தாள். அதன்மேல் தூசி படிந்து கறுத்திருந்தது. பல மாதமாகக் கை படவில்லை. மெயின் சுவிட்சை அணைத்திருப்பார் என்று நினைத்துக் கணினியையே கேட்டாள். ஈஸ்டருக்கு முன்பு அணைந்ததோடு சரி, பிறகு ஒருமுறைகூட அணையவில்லை என்றது அது. கம்பியைப் பிடித்துக்கொண்டே கூரைவரை போனாள். எங்கும் வெட்டில்லை, ஒட்டில்லை. கணினி வழியே ஆபியாவுக்குக் குரல் கொடுத்துப் பார்த்தாள். சர்வர் உடனே பதில் தந்தது. எல்லாம் நன்றாக இருக்க இருக்க அவளுக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு சுத்தமாகச் செய்ய இந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"கதவைத் திறங்கண்ணே."

"திறந்தா குளிரு போயிடும். ஏற்கெனவே போயிட்டுதான் இருக்கு. மத்தியானம் ஆனா கூலிங் மெஷின் இழுக்க மாட்டேங்குது. உங்க ஆபீஸுக்குப் போன் போட்டுப் போட்டு என் வாய்தான் வலிக்குது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அந்தப் பையன்கிட்டதான், ஔகூசோ. வாசல்ல இருக்கிற மீட்டர் பழசு, அதை நம்பாதீங்க, திரையில சரியாத்தான் காட்டுதுன்றான்."

ஆள் சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றுகிறார் என்று சினிவா நினைத்தாள். அவர் கையைத் தள்ளிக் கதவை இழுத்தாள். பனிப்புகை விலகியதும், மீன் பெட்டிகளுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு முழுப் பன்றி நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கோழி.

"இது கூட்டுறவுச் சூரை மீனா அண்ணே?"

லஃபாயேலேயின் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். வேற எங்கம்மா கொண்டுபோய் வைப்பேன்? எழுதிப் போட்டுடாதே தாயி."

பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு குரூர சந்தோஷம் வந்தது. ஔகூசோவைக் கூப்பிட்டாள். "சொன்னேன்ல!" என்று அவன் கூவினான். "இதை வச்சே ஆளை வேலைய விட்டு அனுப்பிடலாம். நீ உடனே கிளம்பு, சாயந்திரக் கப்பலைப் பிடிச்சிடு."

அவன் அவசரம் அவளுக்கு உறுத்தியது. பன்றி ஒளித்துவைத்தவர் கதவை மறைப்பார், சரி. பிளக்கைத் தொடாமல் தொடர்பை எப்படி அறுத்தார்? சினிவா கிளம்பவில்லை. கணினிக்கு எதிரே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, நீங்களும் என் கண்ணு முன்னாடியே இருங்க."

"எங்கயும் ஓடல. ஓடற உடம்பா இது?" என்று அவரும் உட்கார்ந்தார்.

மதியம் திரும்பியது. வாசல் மீட்டரின் முள் மெல்ல மேலே ஏறியது. லஃபாயேலே கைகட்டி உட்கார்ந்திருக்க, யாரும் எதையும் தொடாமலே, கணினியில் ஒரு வரி வந்து நின்றது. சர்வர் அனுமதி மறுத்தது; ரகசியச் சாவி பொருந்தவில்லை.

சினிவா அதை மறுபடி மறுபடி படித்தாள். கம்பி அறுந்தால் பதிலே வராது. இங்கே பதில் வருகிறது. உன்னைத் தெரியாது, போ என்று வருகிறது. ஒவ்வொரு கணினிக்கும் உரிய சாவியைச் சர்வரில்தான் பதிவுசெய்ய முடியும், மாற்றவும் முடியும். லஃபாயேலே தலைகீழாக நின்றாலும் ஆசாவிலிருந்து அதைச் செய்ய முடியாது.

அவள் வரவேற்பறை லூசியாவைப் போனில் பிடித்தாள். "லூசி, திரையில ஆசாவ் சாம்பலா இருக்கா?"

"இல்லையே, பச்சையாத்தான் இருக்கு. மைனஸ் இருபத்திரண்டு. வெள்ளைக்காரங்க பாத்துட்டுத் தலையாட்டிட்டு இருக்காங்க. கோகோ ரெண்டாவது கப் ஓடுது."

சினிவா வாசல் மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முன்னாலிருந்த முள் மைனஸ் ஒன்பதில் நின்றது. இந்தக் கணினியைச் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிட்டது. அப்படியானால் ஆசாவ் என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்து பேசுவது யார்?

மடிக்கணினியைத் திறந்து சர்வருக்குள் போனாள். ஆசாவ் என்று பெயர் சொல்லி நுழைந்திருந்த கணினி சவாயியிலேயே இல்லை. அது ஆபியா அலுவலகத்துக்குள், அவளும் ஔகூசோவும் உட்காரும் அறைக்குள் இருந்தது.

"லூசி, யாருக்கும் தெரியாம எங்க ரூமுக்குப் போ. ஔகூசோ மேசைக்குக் கீழ குனிஞ்சு பாரு."

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு லூசியாவின் கிசுகிசுப்பு. "சின்னதா ஒரு டப்பா இருக்குடி. பழைய துண்டு போட்டு மூடியிருக்கு. லைட்டு மினுக்குது. எடுக்கட்டுமா?"

"தொடாதே. அவன்கிட்ட போனைக் குடு."

ஔகூசோ போனை வாங்கிக் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு குரல் தாழ்த்திக் கெஞ்சினான். "கூலிங் மெஷினை ரிப்பேர் பண்ணியாச்சுன்னு நான்தான் சொல்லிட்டேன் சினி. பார்ட் இன்னும் கப்பல்ல இருக்கு. அடுத்த வாரம் வந்துடும். அதுவரைக்கும் மதியம் சூடு ஏறுறது தெரியாம சாவியை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். இன்னைக்கு ஆளுங்க உக்காந்திருக்காங்க, சாம்பலா காட்ட முடியுமா?"

"அதுக்கு இவரைத் திருடன்னு அனுப்பப் பாத்தியா?"

"பன்னி வச்சிருந்தான்ல!"

"அந்த மீனைத் தின்னு யாருக்காவது ஏதாவது ஆனா?"

"ஆகாது. பாதி உருகினா என்ன, ராத்திரி திரும்ப உறைஞ்சிடுது. சினி, நாம ஒரே தட்டுல சாப்பிட்டவங்க."

சாப்பிட்டது உண்மைதான். அவள் போனை வைத்தாள். பொய்ச் சாவியை அழித்தாள். உண்மையான சாவியைத் திரும்பப் பதிந்தாள். சுவர்க் கணினி ஒரு நொடி தயங்கி, உள்ளே நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் லூசியாவிடமிருந்து அழைப்பு. "சிவப்பாயிடுச்சு. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. ஃபிலோமெனா அம்மா முகத்தைப் பாக்க முடியல."

சரக்கை விருந்தாளிகள் எடுக்கவில்லை. உருகி உறைந்த மீனைக் கூட்டுறவே குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. ஆசாவ் மீனவர்கள் பலர் இன்றும் அதற்கு சினிவாவைத்தான் திட்டுகிறார்கள். ஔகூசோ அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு, ஆப்பிள் பறிக்கிற கும்பலோடு நியூசிலாந்து போய்விட்டான்.

அன்று ஆசாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சினிவா லஃபாயேலேயிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நீ கதவைத் தள்ளினியே, அப்ப என் முகத்தைப் பாத்த பார்வை இருக்கு பாரு," என்றார் அவர். "அதை எங்க போய்த் திருப்பித் தருவே?" சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு வா என்றும் சொன்னார். அவள் போகவில்லை.

மறுநாள் மேலாளர் ஃபிலோமெனா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

"சாவியை மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ஃபிலோமெனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஔகூசோ தனியாகத்தான் அதைச் செய்தானா என்று சினிவா அந்த முதுகை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.