இரவல் குரல்

பகலெல்லாம் எரிந்து களைத்த கதிரவன், வேலை முடித்தும் விடைபெற மனமில்லாதவன் போல் மேற்கே மெல்லச் சாய, நெடுந்தெருவின் ஊர்திகள் ஒன்றன் வாலை ஒன்று மோந்தபடி ஊர்ந்தூர்ந்து நிற்க, அத்தெருவின் முனையிலிருந்த அரங்கினுள் மின்விசிறிகள் கடனே என்று சுற்றிக்கொண்டிருந்தன. புதினமொன்றன் வெளியீட்டு விழா அது. நூலை வாங்க வந்தோர் சிலர். நூலாசிரியையின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தோர் பலர்.

அறிவுடையீர், மேடைமேல் அமர்ந்திருந்த அம்மையார் ஒரு தலைமுறைக்காலம் வெண்திரையில் அழுதவர். தாயாக அழுதார், தமக்கையாக அழுதார், இயக்குநருக்கு வேறொன்றும் தோன்றாத நாள்களில் சும்மாவும் அழுதார். அக்கண்ணீர் புட்டியிலிருந்து வந்தது. குரலோ, முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருந்த பின்னணிக் குரற்காரியின் தொண்டையிலிருந்து வந்தது. முகம் மட்டுமே அவருடையது. அதிலும் ஒப்பனையாளனுக்குப் பாதிப் பங்குண்டு. ஆகவேதான், அழைப்பார் அற்றுப்போன பின் அமர்ந்து எழுதிய அப்புதினத்தின் முதற்பக்கத்தையேனும் தம் வாயால் தாமே படித்துவிட வேண்டும் என்று, வேறெதையும் வேண்டாத அளவுக்கு ஓய்ந்துபோன அவர், அதை மட்டும் வேண்டினார்.

பதிப்பாளர் குனிந்து அவர் காதருகே வந்தார்.

“அம்மா, சொன்னா கேளுங்க. முன்வரிசைல இருக்கற தங்கச்சியவே படிக்க விடுங்க. ஜனங்களுக்கு உங்க குரல்னா அது அவங்க குரல்தான்.”

“எழுதினது நான்தானே?”

“அதுல யாருக்கும் சந்தேகம் இல்லைங்க. நீங்க படிச்சாத்தான் சந்தேகம் வரும்.”

அம்மையார் எழுந்தார், படித்தார். தகரத்தை ஆணியால் கீறினாற்போன்ற அக்குரல் இரண்டு வரிகளைக் கடக்குமுன், “மைக் சரியில்லப்பா, மாத்துங்கப்பா!” என்று பின்வரிசை கூவிற்று. ஒலியமைப்பாளன் ஓடிவந்து வேறு ஒலிவாங்கியை நட்டான். குரல் மாறவில்லை. தட்டினான், ஊதினான், கம்பியை இழுத்துப் பார்த்தான்.

“அம்மா, இது புதுசுங்க. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றான், தன் குற்றம் போலவே.

அதுவே தக்க வேளையெனப் பதிப்பாளர் கண்காட்ட, மறுக்கத் தெரியாத குரற்காரி மேடையேறி நூலை வாங்கினாள். நீர்வற்றிய ஆற்றில் புதுப்புனல் புகுந்தாற்போல் அக்குரல் அரங்கை நிறைத்தது. வீடு திரும்பும் கால்கள் வழி கேளாததுபோல், அருகே நின்ற அம்மையாரின் உதடுகளும் யாரையும் கேளாமல் அசையத் தொடங்கின. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

“இதாம்பா குரல்!” என்று அவை நெகிழ்ந்து கைதட்டியது.

அம்முதற்பக்கத்தில் ஒரு பத்தியே எஞ்சியிருந்தபோது, அத்தனை ஆண்டுகளின் அயர்ச்சியும் ஒருங்கே வந்து அவ்வுதடுகளின்மேல் அமர்ந்தது. அம்மையார் வாயை மூடிக்கொண்டார். அக்கணமே, சொல்லின் நடுவிலேயே, குரலும் நின்றது.

“ஏங்க நிறுத்திட்டீங்க? படிங்க!” என்று பதறினார் பதிப்பாளர்.

“அக்கா வாயை மூடிட்டாங்களே!” என்றாள் குரற்காரி, இதில் என்ன கேள்வி என்பதுபோல். திரையில் மூடிய வாய்க்குச் சொல் ஈவதில்லை என்பது அவள் தொழிலின் நெறி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

அம்மையார் நூலைக் கைநீட்டி வாங்கி, எஞ்சிய பத்தியைத் தம் கரகரத்த குரலிலேயே, விரைவின்றி, படித்து முடித்தார். சில நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் இருந்தனர்.

“அக்கா, உங்க குரலை இன்னைக்குத்தான் ஒழுங்கா கேக்கறேன்.”

“எப்படி இருக்கு?”

“கொஞ்சம் பழகணும்க்கா.”

“எனக்குந்தான்.”

பிறர் வாயால் பெருவாழ்வு வாழ்ந்தோர்க்குத் தம் வாயால் கிட்டுவது ஒரு பத்தியே ஆயினும், அப்பத்தி அவருடையதே. விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைய, களைத்த தோழியர் இருவரும் படியிறங்க, பின்னால் ஒலியமைப்பாளன், ஒரு பழுதுமில்லாத அவ்வொலிவாங்கியைப் பழுது பார்ப்பதற்காகப் பையிலிட்டுக்கொண்டிருந்தான்.