மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவே

அந்த நாலு வினாடியை எடுத்தது நீதான்.

இல்லையென்று சொல்வதானால் முதலில் இதைப் படித்து முடி, பிறகு சொல். ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு ஹாலில் ஏழு பேர் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்டீர்கள். காபி டம்ளர்களை வைக்க நான் உள்ளே போன நேரத்தில், ஏழு பேரில் ஒருவன் என் கிளாரினெட் ரெக்கார்டின் முதல் பக்கத்திலிருந்து, மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவிலிருந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு போட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மூன்றாவது பாட்டு முடிந்த அதே மூச்சில் நாலாவது தொடங்கிவிட்டது. கிளாரினெட்காரர் பாவம், தடுமாறிப் போய்விட்டார். ரெக்கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மழமழவென்று ஒரு மெல்லிய வளையம் இருக்கும். மூன்றாவது வளையத்தைக் காணவில்லை. வெட்டின இடத்தை நன்றாகவே சேர்த்திருக்கிறாய், ஒட்டு தெரியவில்லை. ஆனால் ரெக்கார்டு ஒரு நெல் அகலம் சுருங்கிவிட்டது. உறைக்குள் போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது.

வேறு மௌனமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அது என் மனைவி மயிலாத்தாளுடையது.

நான் கணபதி ஏரியாவில் பழைய மோட்டார் வாங்கி விற்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தள்ளுவண்டியில் இரும்பு பொறுக்கி மேலே வந்தவன். சொன்ன விலைக்கு ஒரு நட்டு கூட வாங்கியதில்லை. கல்யாணமான முதல் வாரத்திலேயே மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டேன், ரெக்கார்டு ஓடும்போது இந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. மற்ற நாளெல்லாம் நான் கடையில், ஞாயிறு ரெக்கார்டு. அப்படியானால் நான் எப்போது பேசுவது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்தப் பக்கத்தில் நாலு பாட்டு, மூன்று இடைவெளி. அவள் மூன்றையும் கேட்டாள். நான் ஒன்றும் கிடையாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அரை நாள் பேரம். முதல் இடைவெளியில் நான் தலையாட்ட வேண்டும், இரண்டாவதில் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆகவே மூன்றாவது மட்டும் அவளுக்கு என்று முடிந்தது. நல்ல பேரம் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

உப்பு, புளி, கரண்ட் பில் பேச்சுக்கெல்லாம் இதில் சம்பந்தமில்லை. அவற்றை ரெக்கார்டு ஓடாத எந்த நேரத்திலும் பேசலாம். என்னிடம் சொல்ல வேண்டியது என்று அவள் மனதில் ஒன்று இருந்தது. அந்த ஒன்றுக்குத்தான் நாலு வினாடி.

இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாலு வினாடியில் ஐந்தாறு வார்த்தை அடங்கும். அவசரப்பட மாட்டாள். கிளாரினெட் ஓய்ந்ததும் அடுக்களைக் கதவருகே வந்து நிற்பாள், சொல்வாள், போய்விடுவாள். முதல் இரண்டு வருஷம் ஒரு கிணற்றைப் பற்றியே போயிற்று. பிறகு அவளுடைய சித்தி வந்தாள், சித்தியின் பச்சைக் குடை வந்தது. நடுவில் சில வருஷங்கள் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ள விவகாரம், அதில் உனக்கு வேலையில்லை.

இந்த வருஷம் ஆடியில்தான் பேச்சு விஷயத்துக்கு வந்தது. ஒரு ஞாயிறு, "அதனாலதானுங்க நானும் ரொம்ப நாளா யோசிச்சு" என்றாள். அடுத்த ஞாயிறு, "ஒரு முடிவுக்கு வந்துட்டேனுங்க." அதற்கடுத்து, "வர்ற ஐப்பசி பத்தாந் தேதி, காலையில." நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் ஏழு பேரும் வந்திருந்த அந்த ஞாயிறு, உங்கள் எதிரில்தான், "பத்தரை மணிக்கு, நானு" என்றாள். நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது.

நானு என்ன என்பதுதான் இப்போது உன்னிடம் இருக்கிறது.

ஆவணி முதல் ஞாயிறு உங்கள் ஏழு பேரையும் வரவைத்துக் கேட்டேன். ஏழு பேரும் எடுக்கவில்லை என்றீர்கள். அதில் ஒருவன் தன் வீட்டில் ஏற்கனவே வேண்டிய மட்டும் மௌனம் இருக்கிறது என்றான். சிரித்தீர்கள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் வந்து எல்லா ரெக்கார்டையும் அளந்தேன். எதுவும் பெருத்திருக்கவில்லை. அப்படியானால் ரெக்கார்டில் வைக்கவில்லை, வேறெதிலோ செருகியிருக்கிறாய். மறுபடி ஏழு வீட்டுக்கும் வந்தேன். குக்கரின் இரண்டு விசிலுக்கு நடுவில் எண்ணினேன். குழந்தை விழுந்ததற்கும் அழுததற்கும் நடுவில் எண்ணினேன். ஒரு வீட்டில் மாமியார் கேட்டதற்கும் மருமகள் பதில் சொன்னதற்கும் நடுவில் நாலு வினாடி இருந்தது, ஆனால் அது அந்த வீட்டுச் சொந்த மௌனம்தான் என்று மருமகளே சொல்லிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் உக்கடத்துக்குப் போனேன். அங்கே சிக்கந்தர் பாய் பழைய ரேடியோ சாமான்களோடு பழைய மௌனமும் விற்கிறார். பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து காதில் வைத்துக் காட்டினார். ஒன்று கூட்டத்தில் கைதட்டலுக்கு முந்தினது. ஒன்று பெண் பார்க்கப் போன வீட்டில், பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குப் பிந்தினது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் கழற்றினது என்று ஒன்றைக் காட்டினார். சுத்தமாக இருந்தது, சரியாக நாலு வினாடி.

அவர் மௌனத்துக்குக் காசு வாங்குவதில்லை. பதிலுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும். எட்டு வினாடி கேட்டார். இருமித் தருகிறேன் என்றேன், இருமல் யாரும் வாங்குவதில்லை என்றார். மோட்டார் ஓடும் சத்தம் இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். பாய் தலையை ஆட்டவில்லை.

"மொதலாளி, உங்க கோவத்தோட ஆரம்பத்தைக் குடுங்க. அதுக்கு ஆள் இருக்கு."

இரண்டு டீ குடித்து ஐந்து வினாடிக்குக் கொண்டுவந்தேன். ஒரு துணியை என் வாய்க்கு நேரே பிடித்து வாங்கிக்கொண்டார். ரெக்கார்டை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி நெகிழ்த்தி, மௌனத்தை விரலால் தடவி உட்காரவைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் யாரையாவது சத்தம் போட ஆரம்பித்தால் முதல் ஐந்து வினாடிக்கு வாய் மட்டும்தான் அசைகிறது. கடைப் பையன்கள் அதற்குள் டீயைக் குடித்து முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் உன்னை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் எழுதுகிறேன்.

ஞாயிறு போட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்தது. மயிலாத்தாள் கதவருகே வந்து வாயைத் திறந்தாள். அதற்குள் ரெக்கார்டிலிருந்து வேறொரு பெண்மணி, "சாவியை எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். மயிலாத்தாள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. மூன்றாம் ஞாயிறு பொறுக்காமல், பிரிட்ஜ் மேலே பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலாம் ஞாயிறு அந்தப் பெண்மணி, "இருந்துச்சுங்க. பீரோ சாவி?" என்றாள். பொள்ளாச்சி வீட்டில் எத்தனை பூட்டு என்று யாருக்குத் தெரியும். நடுவில் புகுந்து நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடேன் என்று மயிலாத்தாளிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எப்படிப் பேசுவது என்றாள். மௌனத்தைப் பிரித்துக் கொண்டுபோய் பாயிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் கோபத்தின் ஆரம்பம் விற்றுப்போய்விட்டதாம், திருப்பிக் கொடுக்க இல்லை.

அதற்குள் புரட்டாசி பாதி போய்விட்டது. மயிலாத்தாள் ஒரு ரெக்சின் பை வாங்கினாள். டார்ச் லைட் வாங்கினாள். ஒரு மழைக்கோட்டு வாங்கினாள். அவள் மார்க்கெட் போயிருந்தபோது எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கை குட்டை. அவளுக்கு நீளமாக இருக்கும். ஒரு நாள் அடுக்களை டப்பாக்களில் எல்லாம் மிளகு, சீரகம், கடுகு என்று எழுதி ஒட்டினாள், இனிமேல் வேறு யாரோ தேடி எடுக்க வேண்டியிருப்பது போல. எனக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. மறுநாள் காலையில் எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டிருந்தாள். ஏன் கிழித்தாய் என்று கேட்டேன், தூசி என்றாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. முன்பு ஒரு பக்கம் முடியும்வரை காலைக்கூட மாற்ற மாட்டேன். இப்போது ஊசியை வைத்துவிட்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். இடது ஸ்பீக்கரைத் தாண்டும்போது ஒரு முடிவு, வலது ஸ்பீக்கரைத் தாண்டும்போது வேறு முடிவு. கடைசியில் பழைய பேரத்தை மறுபடி திறந்தேன். முதல் இடைவெளியை எடுத்துக்கொள், இரண்டாவதையும் எடுத்துக்கொள், நான் தண்ணீரே குடிக்கவில்லை என்றேன்.

"அன்னைக்கு மூணும் கேட்டேனுங்க. ஒண்ணுதான்னீங்க. பேசினது பேசினதுதான்."

ரெக்கார்டையே நிறுத்துகிறேன், வேண்டிய மட்டும் பேசு என்றேன்.

"நிறுத்தினா அது நடுவு ஆகாதுங்க" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன். இப்படி ஒரு இடத்தில் விலை இறங்காமல் நின்ற ஆளை நான் பார்த்ததில்லை.

ஐப்பசி பத்து ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. காலையில் மழை. மயிலாத்தாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அரக்குப் புடவை கட்டி, பையோடு ஹாலில் வந்து நின்றாள். ரெக்கார்டைப் போடச் சொன்னாள். பத்து இருபதுக்கு வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. எங்கள் தெருவில் ஆட்டோ திரும்புவதே கஷ்டம், டிரைவர் நல்ல கைக்காரர். கண்டக்டர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எத்தனாவது பாட்டு ஓடுகிறது என்று விசாரித்தார். மூன்றாவது என்றேன். சுவரோரம் நின்று கேட்டார்.

பத்தரை மணிக்கு மூன்றாவது பாட்டு முடிந்தது. மயிலாத்தாள் வாயைத் திறந்து ஒரு காலைத் தூக்கினாள். நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது. காலைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, நடுவுல எடமே இல்லீங்களே" என்றார் கண்டக்டர்.

திருடு போன கதையைச் சொன்னேன். அவர் பெர்மிட்டை எடுத்துக் காட்டினார். மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவில்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவர் மேல் தப்பில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படித்தான். அன்று பதினோரு தடவை போட்டேன். பகல் ஒரு மணிக்கு பஸ்ஸிலிருந்த இருபத்து மூன்று பேரும் இறங்கி உள்ளே வந்தார்கள். ஒழுங்கான ஆட்கள். பாட்டு ஓடும்போது ஒருத்தரும் பேசவில்லை. மயிலாத்தாள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவர்களுக்கு உப்புமா கிண்டினாள், ஒரு வயதான அம்மாள் வெங்காயம் அரிந்து கொடுத்தாள்.

நான் போய் பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு சீட்டிலும் அதற்குப் பக்கத்துச் சீட்டிலும் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தது. கண்டக்டரைக் கேட்டேன்.

"ரெண்டு சீட்டுங்கண்ணா. ஒண்ணு அக்காவுக்கு."

"இன்னொண்ணு?"

"அக்கா இன்னும் பேர் சொல்லலீங்களே. சொன்னாத்தான் எழுத முடியும்."

கீழே இறங்கினேன். மழை விட்டிருந்தது.

இன்றைக்கு ஐப்பசி இருபத்தொன்று. பஸ் வாசலில்தான் நிற்கிறது. கூடத்தில் இருபத்து மூன்று பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள். கண்டக்டருக்குச் சளி பிடித்து, மயிலாத்தாள் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். தினமும் பத்து இருபதுக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், பத்தரைக்குக் காலைத் தூக்குகிறாள், வைக்கிறாள். பிறகு சமைக்கப் போகிறாள். கிளாரினெட்காரர் நாலாவது பாட்டில் பாதிகூடத் தாண்டுவதில்லை. நான் இன்னும் மழைக்கோட்டின் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நீளம் என்றால் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். எனக்குக் குட்டை என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

நாலு வினாடியும் வேண்டாம். மூன்று கொடு. அதுவும் மனசில்லையென்றால் இரண்டு. ஒரு பேரைச் சொல்ல ஒரு வினாடி போதும். பாக்கியை நீயே வைத்துக்கொள். இந்த விலைக்கு நான் இறங்கி வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம். அவள் சொல்லும் பேர் என்னுடையதாக இல்லாமல் போனால் அந்தக் கணக்கில் உன்னை இழுக்க மாட்டேன், அதையும் எழுதித் தருகிறேன்.

இன்று காலையில் முதல் பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்து நிற்கிறது. முன்னால் இருப்பது கிளம்பினால்தான் அது கிளம்புமாம். ஏறிப் பார்த்தேன், ஜன்னலோரச் சீட்டு ஒன்றில் கைக்குட்டை கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன். பேர் சொல்லக்கூடாது, ஏழு பேரில் ஒருவர் என்றார் அந்தக் கண்டக்டர். அது நீதான், உன் வீட்டிலிருந்து யாரோ உனக்காகப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கதவைத் தாழ் போடவில்லை. காலை பத்தேகாலுக்குள் வா. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள், நான் வாயைத் திறந்தாலும் முதல் ஐந்து வினாடிக்குச் சத்தம் வராது. எங்கேயிருந்து எடுத்தாயோ அங்கேயே கொண்டுவந்து வை.