முப்பத்தெட்டாம் பக்கத்து மிசஸ் வோங்

பாடாங் செராயில் உமாராணி வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்த மிசஸ் வோங், ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் ஒன்றின் முப்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர். சரஸ்வதி பூஜை அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். பூப்போட்ட நீலக் கவுன், கையில் பிரம்புக் கூடை, நெற்றியில் ஈரம் காயாத குங்குமம். சாமி மேடையிலிருந்து தரையில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றி, எடுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்தார். ஆகவே மரியாதை தெரிந்த மனுஷி என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பு வருகிற பிள்ளைகள் சிரித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. வீட்டுக்காரி உமாராணி சிரிக்கவில்லை, கூப்பிட்டது அவள்தான்.

உமாராணிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் தேவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினான். கம்பெனி தோட்டத்தை விற்றுத் தொழிலாளர் லைன் வீடுகளை இடித்தபோது தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த குடும்பம். ஒரே மகள் லோஷினி. அவளைத் தேவன் சீனப்பள்ளியில் போட்டான். "நாம தமிழ்ப்பள்ளியில படிச்சு என்னத்தப் புடிச்சோம்? லோரி ஸ்டேரிங்கத்தான் புடிச்சோம்லா" என்று, காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். பிள்ளை கெட்டி. இரண்டே வருஷத்தில் சீனத்தில் கனவு கண்டு தூக்கத்தில் சிரித்தது. என்ன கனவு என்று தெரிந்துகொள்ளப் பெற்றவர்களுக்கு வழியில்லை. ஆங்கிலம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் கடைவீட்டு மாடியில் பிரேமினி மிஸ் நடத்திய டியூஷனுக்கு அனுப்பினார்கள். மிஸ்ஸின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்கு வந்த குடும்பம். அவரிடம் படித்ததோ அத்தனையும் சீனப் பிள்ளைகள். புத்தகமும் அவர்களுக்கென்றே அச்சடித்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் சீன அர்த்தம் இருக்கும். லோஷினி சீனத்தின் மேல் கால் வைத்து ஆங்கிலத்துக்குத் தாண்டினாள். அந்தப் பக்கத்தில் தமிழுக்கென்று இருந்தது, அடியில் அம்மா கையெழுத்துப் போடுகிற கோடு மட்டும்தான்.

மிஸ் ஒரு கட்டளை போட்டிருந்தார். தினமும் பிள்ளை பத்தியை வாசிக்க வேண்டும், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து கீழே உள்ள ஐந்து கேள்விகளையும் கேட்க வேண்டும். பத்தியில் இருப்பதை மட்டும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொன்னால் மார்க் கிடையாது. தேவன் லோரியோடு போய்விடுவான். உமாராணி ஷிஃப்டு முடிந்து வந்து புத்தகத்தைக் கையில் வாங்கி உட்காருவாள். ஒருநாள் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். பிள்ளை சிரித்தது. அடுத்த தடவை அப்படிப் பிடித்தபோது சிரிக்காமல் பேசாமல் திருப்பி வைத்தது. முதல் சிரிப்பை உமாராணி மறந்துவிட்டாள், பேசாமல் திருப்பி வைத்ததை அவளால் மறக்க முடியவில்லை.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் மிசஸ் வோங் சனிக்கிழமை பாசாருக்குப் போகிறார். இரண்டு மீனும் ஒரு கட்டுக் கீரையும் வாங்குகிறார். குடையை மறந்துவிடுகிறார். மழை பெய்கிறது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து சிரிக்கிறார். பத்தி அவ்வளவுதான், மேலே அவருடைய படம். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த உமாராணி, இந்தப் பக்கம் விரிந்து கிடப்பதைப் பார்த்து யாரென்று கேட்டாள். மிசஸ் வோங் என்றாள் மகள். "மிசஸ்னா?" "கல்யாணம் ஆனவங்கம்மா." கல்யாணம் ஆனவள் பூஜையில் வெறும் நெற்றியோடு இருக்கலாமா என்று, மோதிரவிரலால் தொட்டு அந்தப் படத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். வைத்த கையோடு, "தாயே, எனக்குத் தெரியாதத நீங்களாச்சும் வந்து எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுங்க" என்று மனசாரச் சொன்னாள். குங்குமம் வைத்துக் கூப்பிட்ட பிறகு வராமல் இருப்பது யாருக்கும் அழகில்லை. அவர் வந்துவிட்டார்.

தாமானில் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு மருதம்மாள் மட்டும் வேலிக்கு மேலே எட்டி, "என்னடி உமா, சீனத்தி வேலைக்காரி வச்சிருக்கியாமே, பட்டம் வாங்குன டத்தோ பொண்டாட்டி ஆயிட்டியா?" என்று ஒரு மாதம் கேட்டாள். சனிக்கிழமை தவறாமல் மிசஸ் வோங் பாசாருக்குப் போவார், மழை அவர் மேல் மட்டும் பெய்யும். பக்கத்தில் நடப்பவர்கள் வெயிலுக்குக் குடை பிடித்திருப்பார்கள். கூடையில் எப்போதும் அதே இரண்டு மீன், அதே கீரை. குழம்பு ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அரைமணியில் மறுபடியும் பசிக்கும். ஒரு வருஷம் தீமிதி சனிக்கிழமையில் வந்தது. அவர் கூடையோடு போய்க் குழி ஓரம் நிற்க, பூக்குழியில் கால்வாசி அணைந்துவிட்டது. கோயில் தலைவர் சுப்பிரமணியம், இனிமேல் திருவிழாவை ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் சொல்ல, எல்லாரும் சரி என்றார்கள். டியூஷன் பிள்ளைகளின் சீனத் தாய்மார் இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். எந்த ஊர், எந்த வம்சம் என்று சீனத்தில் கேட்டார்கள். அவருக்குச் சீனம் தெரியவில்லை, சீனப்பெயர் மட்டும்தான் இருந்தது. பாசாருக்குப் போவதாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பழத்தை வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் மறுபடி வரவில்லை.

லோஷினியின் ஆங்கிலம் தண்ணீர் கண்ட வெண்டைச் செடி மாதிரி நிமிர்ந்தது. ஐந்து கேள்விகள் தீர்ந்த பிறகு மிசஸ் வோங் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். குளோரின் பட்டு உரிந்த விரலோடு உமாராணி வேலை முடிந்து வந்து, கழுவாத மங்குத் தட்டுகளைப் பார்த்து ஒருநாள் கத்தினாள். மிசஸ் வோங் பிள்ளையைப் பார்த்து, சமையலறையில் நிற்கும் அந்தப் பெண் யார், அவள் என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், அவள் கத்துகிறாள், தட்டுகள் கழுவப்படாததால் அவள் கத்துகிறாள் என்று பிள்ளை வரிசையாக முழு வாக்கியத்தில் சொன்னது. மிசஸ் வோங் மூன்றுக்கும் தலையாட்டினார். "என்னடி கேட்டாங்க, என்னப் பத்தியா?" என்றாள் உமாராணி. "ஒண்ணுமில்லம்மா. கொம்ப்ரிஹென்ஷன்" என்றது பிள்ளை. விரல் ஏன் உரிந்திருக்கிறது என்ற கேள்வி ஒருநாளும் வரவில்லை. அது பத்தியில் இல்லை.

பிள்ளையோடு பேச வேண்டும், அது ஒன்றுதான் உமாராணிக்கு ஆசை. அதற்காகத் தானும் படிக்கப் பார்த்தாள். தலை சீவிக்கொண்டு போய் மிசஸ் வோங் எதிரில் உட்கார்ந்தாள். மிசஸ் வோங் சனிக்கிழமை எங்கே போனார் என்று மிசஸ் வோங்கே கேட்டார். "மார்க்கெட்" என்றாள் இவள். முழு வாக்கியம் இல்லாத பதில் அவர் காதில் விழாது. சிரித்த முகத்தோடு காத்திருந்தார். இவள் "மார்க்கெட், மார்க்கெட், பாசார், சந்தை" என்று தெரிந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தபோது உமாராணி எழுந்து போனாள். மறுநாள் பிரேமினி மிஸ்ஸிடம் போய், மிசஸ் வோங்கைத் திருப்பி அனுப்ப வழி கேட்டாள். "பொட்டு வைச்சுக் கூப்பிட்டது நீர்தானே உமா, நான் என்ன செய்யிறது? அந்தப் பொட்டை உம்மட கையாலயே அழிச்சுப் பாரும், போனாலும் போவா" என்ற மிஸ், கையோடு, "வியாழக்கிழமையில மட்டும் அவாவை இஞ்ச அனுப்புவீரா? மற்றப் பிள்ளையளுக்கும் உதவும்" என்றும் கேட்டார். ஒரு சுமங்கலியின் பொட்டைக் கையால் அழிப்பதா? உமாராணி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

லோஷினி பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது தேவன் ஆலை வாசலில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கினவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலைகளுக்கு நடுவில் விழுந்தான். வீட்டில் நடு ஹாலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைத்தார்கள். கூடையோடு சுவரோரம் நின்ற மிசஸ் வோங், இந்த மக்கள் ஏன் கூடியிருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு மனிதர் இறந்துவிட்டதால் கூடியிருக்கிறார்கள் என்று சொன்னாள் லோஷினி. சரியான பதில். சொல்லி முடித்ததும் மிசஸ் வோங்கின் கவுனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து மருதம்மாளிடம், "பெரியம்மா, அம்மா ஏன் பாடுறாங்க?" என்று கேட்டாள். மருதம்மாள் அவளையே பார்த்தாள். "பாடலடி பாவி. அழுவுறா."

கருமாதி அன்று உமாராணியின் பொட்டை எடுத்தார்கள். மிசஸ் வோங் நெற்றியில் மட்டும் அன்று வைத்ததுபோல் சிவப்பு அப்படியே இருந்தது. எல்லாரும் போன பிறகு மருதம்மாள் ஈரத்துணியைக் கொண்டுவந்து உமாராணி கையில் வைத்தாள். "இனிமே உனக்கு என்னடி பாவம்? அவ பொட்டத் தொடச்சு விட்ரு. புள்ளையாச்சும் மிஞ்சும்." உமாராணி துணியோடு கிட்டே போனாள். மிசஸ் வோங் முகம் கழுவிவிடப் போகிறார்கள் என்று நினைத்த குழந்தை மாதிரி கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டினார். உமாராணி அவருடைய கன்னத்தை மட்டும் துடைத்துவிட்டுத் துணியை அலசிக் காயப்போட்டாள்.

பிறகு வருஷங்கள் ஓடின. லோஷினி பினாங்கில் படித்தாள், சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள், கூட வேலை செய்த சீனப் பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான், வந்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவான். ஞாயிறு தோறும் போன் வரும். மிசஸ் வோங் ஐந்து கேள்வி கேட்பார், லோஷினி அரைமணி நேரம் பதில் சொல்வாள், இடையிடையே சிரிப்பாள். கடைசியில் போன் உமாராணி கைக்கு வரும். "சாப்டியா?" "சாப்டேம்மா. நீங்க?" "சாப்டேன்." அதற்கு மேல் இரண்டு பக்கமும் வார்த்தை இருக்காது. வைத்துவிடுவார்கள். மிசஸ் வோங்குக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவர் கத்தவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை, எங்கேயும் வலிக்கிறது என்று ஒருநாளும் படுக்கவில்லை.

போன வருஷம் லோஷினிக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கூட்டிப் போக சனிக்கிழமை வருகிறோம் என்று போன் வந்தது. உமாராணி தொழிற்சாலையில் சொல்லி வேலையை விட்டு நின்றுகொண்டாள். நாலு சேலை, வசம்பு, ஓமம், குழந்தைக்குத் தேய்க்க நல்லெண்ணெய், தொட்டிலுக்குப் பழைய நூல்சேலை எல்லாம் பையில் எடுத்து வைத்து, காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கார் வந்தது. லோஷினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு பையைப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்க எதுக்கும்மா? உங்களுக்கு அங்க பேச ஆளே இல்ல, ரொம்ப போரிங்லா. பேபி இங்கிலீஷ் கேட்டு வளரணும். வோங் ஆன்ட்டியக் கூப்பிடத்தான் வந்தோம்."

உமாராணி பையின் வாயை இழுத்து மூடினாள். மகளுக்கும் மனசு கேட்கவில்லை, தனக்குத் தெரிந்த தமிழில் தேடிச் சொன்னாள். "அவங்க என்கிட்ட ஒருநாள்கூட கத்துனதில்லம்மா. எனக்கு அப்படித்தான் பேபி வளரணும்."

"கத்துறதுக்கு அவங்க புத்தகத்துல வார்த்தை இல்லடி" என்றாள் உமாராணி. அம்மா தமாஷ் பண்ணுகிறாள் என்று லோஷினி சிரித்தாள்.

உமாராணி வசம்பையும் ஓமத்தையும் பையிலிருந்து எடுத்து, எதை எப்போது உரைப்பது, எண்ணெயை எப்படி உள்ளங்கையில் சூடு காட்டித் தேய்ப்பது என்று மிசஸ் வோங்குக்குக் கையாலேயே காட்டிக்கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக் கூடைக்குள் மீனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். ஜொகூர் வரைக்கும் மற்ற கார்கள் வெயிலில் போக, அந்த ஒரு கார் மட்டும் வைப்பர் போட்டுக்கொண்டு போனதாம். எல்லையில் அதிகாரி எங்கிருந்து வருகிறீர்கள் என்று மிசஸ் வோங்கைக் கேட்டார். பாசாரிலிருந்து வருவதாகவும், இரண்டு மீனும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கியிருப்பதாகவும், வீட்டுக்குப் போவதாகவும் பிழையில்லாமல் பதில் வந்தது. அதிகாரி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் உமாராணி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மருதம்மாள் வேலியைச் சுற்றி உள்ளே வந்தாள். இப்போது அவளுக்கு முழங்கால் சரியில்லை, மெதுவாகத்தான் உட்கார்ந்தாள்.

"மக வந்துட்டுப் போயிட்டாளாமே. உன்னக் கூட்டிட்டுப் போகலியா?"

"அவ அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டாக்கா."

மருதம்மாள் "ம்" என்றாள். பேச்சில் குத்தலும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "அதுவும் சரிதான். புள்ள பெத்த வீட்டுல அம்மாக்காரி கூட இருந்தாத்தான் நல்லது" என்று சொல்லி, கீரையில் ஒரு கொத்தைத் தன் பக்கம் இழுத்து உருவ ஆரம்பித்தாள்.